எழுதினால் பேச்சாகாது

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் வடிவோடு பேசுவதில்லை என்ற சிதம்பரநாதனின் சபதம் முறியாமலே இருந்துவந்தது. அவளை வீட்டில் சேர்த்துக்கொண்ட பிறகும், சொல்லவேண்டியதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுவார். எழுதினால் பேச்சாகாது என்பது அவர் கட்சி.

மலைக்கு வந்த இடத்திலும் எல்லோரும் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. அத்தனையையும் குக்கரில் போட்டு மூடச் சொன்னார். முன்மாதிரியாகத் தன்னுடையதை முதலில் போட்டார்.

மதியம் தங்கியிருந்த பங்களா வாசலில் தரையில் அமர்ந்து சாப்பிட்டார்கள். ரசம் ஊற்ற வந்த வடிவின் குதிகாலில் ஓர் அட்டை ஒட்டி இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. அவர் கை சட்டைப்பைக்குப் போய் வெறுமனே திரும்பியது. மனைவி உலகம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"குக்கரத் தெறக்கட்டுமா? எழுதிப் போட்டுருதியளா?"

பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். சிதம்பரநாதன் முறைத்தார். பந்தியின் நடுவே யாருக்காகவும் எழாதவர், இலையிலிருந்த உப்பை அள்ளிக்கொண்டு எழுந்துபோய் மகளின் காலடியில் குனிந்தார். வடிவு பதறிக் காலை இழுத்தாள்.

"ஐயோ அப்பா, என்ன செய்யுதிய?"

"ஆடாம நில்லுட்டி!"

அட்டை சுருண்டு விழுந்த பிறகும், ரசவாளியைப் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள்.