முதலில் எழுதிய பள்ளி

பிராங்க்ஸில் துணி துவைக்கும் கடை. இயந்திரங்கள் இரைகின்றன. விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்த நகராட்சிப் பள்ளிக் குலுக்கலின் முடிவு வந்திருக்கும் கைபேசியை டெனிஸ் தன் அப்பா ரூஃபஸின் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். "உன் பேத்திக்கு முதல் விருப்பமே கிடைச்சிடுச்சாம். நகராட்சிக்காரன் வாழ்த்து வேற சொல்றான்." "தெருமுனைப் பள்ளிக்கூடமா?" "அதேதான். பாண்டு வாத்தியம் இருக்கிற பள்ளிக்கூடத்தை முதல்ல எழுதி அது தவறினா, ரெண்டும் போயிடும்னு மாத்தி எழுத வச்சது நீதானே? போகாதுன்னு நகராட்சியே சொல்லுதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நம்மளவிட மோசமான குலுக்கல் எண் வந்த எதிர்வீட்டுப் பொண்ணு அந்த பாண்டு பள்ளிக்கூடத்துக்கே போறா." "நகராட்சிக்காரன் பேச்சை எவன் நம்புவான்?" "நாம எழுதினதை அவன் நம்பிட்டானே, அப்பா." டிரம்பெட் பெட்டியோடு கியாரா உள்ளே வருகிறாள். "தாத்தா, எது வந்துச்சு?" டெனிஸ் அப்பாவையே பார்க்கிறாள். ரூஃபஸ் சூடு ஆறாத போர்வையை மடிக்கிறார். ஓரம் சரியில்லை என்று பிரித்து மறுபடியும் மடிக்கிறார்.