பஞ்சு, கல், கோந்து

"கல்லாகு, கல்லாகு... போச்சு." ஹிரேன் தலையில் அடித்துக்கொண்டான். கம்ப்யூட்டர் திரையில் அவனுடைய உருண்டைப் பொம்மை மறுபடியும் அதே குழிக்குள் விழுந்தது.

சேலைக் கொள்முதலுக்கு வந்து, எதிரே வெள்ளை மெத்தையில் உட்கார்ந்திருந்த இந்தூர் வியாபாரி கிரிதர் மகேஸ்வரிக்கு இது புதிது. தலை நரைத்தது அவருக்கு சூரத் ஜவுளி மார்க்கெட்டில்தான். அவரைக் கண்டு எழுந்து நின்ற சேட்டுகள் உண்டு, பின்வாசல் வழியாக நழுவியவர்களும் உண்டு. பொம்மை விளையாடிக்கொண்டிருந்தவன் இவன் ஒருவன்தான்.

"மாமனார் சம்பாதிச்ச கடையை இந்த உருண்டை முழுங்கப் போகுது," என்றாள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி கிஞ்சல். "பார்ட்டி வந்திருக்கும்போதாவது அதை மூடக் கூடாதா?"

"இது மனசை ஆத்துற விளையாட்டு, கிஞ்சல். பின்னாடி மழைச் சத்தத்தைக் கேளு."

"எனக்குப் பத்திக்கிட்டு வருது."

இணையத்தில் திறந்ததும் ஓடும் சின்ன விளையாட்டு அது. எதிரி கிடையாது, அவசரம் கிடையாது. ஒரு விசையைத் தட்டத் தட்டப் பொம்மையின் குணம் மாறும்: பஞ்சானால் மிதக்கும், கல்லானால் இறங்கும், கோந்தானால் சுவரில் ஒட்டும். எப்போது எதுவாக இருப்பது என்பதுதான் புதிர்.

கிரிதருக்கு அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று தெரியும். ஹிரேனின் கிடங்கு முழுக்க யாரும் தொடாத கிளிப்பச்சை ஜார்ஜெட் சேலைகள். அவை போனால்தான் தீபாவளிச் சரக்குக்கு இடம். போகாவிட்டால் இந்த வருஷத் தீபாவளி பக்கத்துக் கடைக்காரனுக்கு.

"சொன்ன விலையில கால்வாசியைக் குறை. கிளிப்பச்சையில பாதியைத் தூக்கிக்கறேன்."

"கட்டாது காகா. முதல்ல டீ சாப்பிடுங்க." சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டபடி ஹிரேன் திரும்பி, சாஸரில் டீயை ஊற்றி அவரிடம் நீட்டினான். இடது கை மட்டும் விசையை விடவில்லை. பொம்மை தன்பாட்டுக்குச் சுவரில் ஒட்டி, முள்ளைத் தாண்டி, குழியின் விளிம்பில் வந்து நின்றது. அவன் திரையைப் பார்த்ததுதான் தாமதம், உள்ளே விழுந்தது.

"நல்லா ஆடறே போ," என்று டீயை உறிஞ்சி முடித்தார் கிரிதர். "அப்ப நான் கிளம்பறேன்."

அவருடைய பிரம்மாஸ்திரம் அது. வாசலுக்குப் போவார், ஒரு செருப்பை மாட்டுவார், அப்படியே நிற்பார். இரண்டாவது செருப்புக்குள் கால் நுழைவதற்குள் எந்தச் சேட்டுக்கும் குரல் வந்துவிடும், விலையும் இறங்கிவிடும்.

அன்றும் ஒரு செருப்பு மாட்டியாயிற்று. யாரும் கூப்பிடவில்லை. "போச்சு" என்ற குரல்தான் கேட்டது.

கிரிதர் திரும்பிப் பார்த்தார். "அட, எதுக்கு அதுக்குள்ள பஞ்சாகறே? அடியில ஸ்பிரிங் பலகை இருக்கு பாரு. அதுமேல விழற வரைக்கும் கல்லா இரு."

"இருந்து பார்த்தேன் காகா. எம்பவே மாட்டேங்குது."

"எம்பாம எங்கே போகும்? நகரு."

மாட்டிய செருப்போடு மெத்தைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்த வெள்ளை விரிப்பில் ஒரு டீத்துளி சிந்தினால் ஊரைக் கூட்டும் கிஞ்சல், ஏனோ வாயைத் திறக்கவில்லை.

பொம்மை கல்லாகி விழுந்தது. பலகை எகிறியது. பஞ்சாகி மேலே பறந்து, சுவரைத் தவறவிட்டு, திரும்பக் குழிக்கே வந்தது.

"விடுங்க காகா, உங்களாலயும் ஆகாது," என்றான் ஹிரேன்.

"யாரால ஆகாது? உங்கப்பனையே ஒரு செருப்புல பணிய வெச்சவன்டா நான்."

"காகா, கிளிப்பச்சையைக் கட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் கிஞ்சல்.

"ம்."

"முழுசும்?"

"ம், ம். கோந்து எப்ப வரும்... சத்தம் போடாதேம்மா."

"சொன்ன விலைக்கே?"

"ம்."

அந்த மார்க்கெட்டில் 'ம்' என்றால் மூட்டை தைக்கலாம். தைத்தார்கள். சாக்கின்மேல் இந்தூர் விலாசமும் ஏறியது.

கடைசியில் உருண்டை குழியிலிருந்து பறந்து, கோந்தாய்ச் சுவரில் ஒட்டி, வெளிச்சத்துக்குள் ஊர்ந்து போனது. ஜெயித்ததற்குக் கம்ப்யூட்டரில் புல்லாங்குழல் ஒலித்தது. கிரிதர் நிமிர்ந்து பார்த்தார். பில் நீட்டப்பட்டிருந்தது. மூட்டைகள் படியிறங்கிக்கொண்டிருந்தன.

ஒரு நொடி முகம் சுருங்கியது. சொன்ன சொல்லை அவர் விழுங்கியவரில்லை. அதோடு, ஜெயித்த குஷி வேறு.

"கேட்டுக்கோ ஹிரேன். எப்ப கல்லா இருக்கணும், எப்ப பஞ்சாகணும், அதுதான் வியாபாரமும். நீ இன்னும் நிறைய கத்துக்கணும்."

"நீங்க சொன்னாச் சரிதான் காகா," என்று பவ்யமாகக் கும்பிட்டான் ஹிரேன்.

அவர் இரண்டாவது செருப்பையும் மாட்டிக்கொண்டு, மழைச் சத்தத்தை வாயாலேயே முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். மெத்தையில் பதிந்திருந்த செருப்புத் தடத்தைத் தட்டிவிட்டு, கிஞ்சல் சன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தாள்.

"நாக்பூர் சேட் வர்றாரு, பொம்மையைக் குழிக்குள்ள போடுங்க."