பென்சில் குறி

வெளிநாட்டில் ஒப்பந்தம் முடிந்து மறுநாள் ஊருக்குக் கிளம்பவிருந்த வெல்டரின் முன்னால், பணியாளர் பிரிவு மேடம் படிவத்தைத் தள்ளினார்.

"உங்க ஓய்வூதியச் சேமிப்பை எடுக்கறதுக்கு. பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருக்கேன் பாருங்க, அங்க கையெழுத்துப் போடுங்க."

வெல்டர் பேனாவைத் தொடவில்லை.

"இன்னிக்குப் போட்டா மூணுல ஒரு பங்கு வரியாப் போயிடும். ஊருக்குப் போய், விசா ரத்தான பிறகு அனுப்பினா பத்துல ஒரு பங்குதானே மேடம்?"

மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எல்லாரும் கிளம்பறப்பவே போட்டுட்டுத்தான் போறாங்க. அங்க போய் யாரு அலையறது?"

"நான் அலையறேன். மூணு வருஷம் நெருப்புல நின்னவனுக்குத் தபால் ஆபீஸ் வரைக்கும் நடக்கத் தெரியாதா?"

மேடம் சிரித்துவிட்டார். எத்தனையோ பேரை வழியனுப்பியிருக்கிறார். இந்த மாதிரி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை.

"பலே ஆளுங்க நீங்க! இவ்வளவு விவரம் யாரு சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான்."

"நானா?"

படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் எழுந்தார்.

"எனக்கு இது ரெண்டாவது ஒப்பந்தம் மேடம். போன தடவையும் இதே மேஜையில பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தீங்க. நானும் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன்."