குக்கர் விசில்

அந்த ராக் குழுவின் முதல் ஆல்பம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இரண்டாவதை டிரம்மர் செல்வின் வீட்டில், சமையலறையை ஒட்டிய அறையில் பதிவு செய்தார்கள். கடைசிப் பாட்டில் நாலு எண்ணிக்கைக்கு எல்லா வாத்தியமும் ஓயும். சரியாக அந்த இடத்தில் குக்கர் விசிலடித்தது. செல்வினின் அம்மா பதறிப்போய் ஓடி அடுப்பை அணைத்தாள். மறுபடி வாசிக்க யாருக்கும் தெம்பில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் பாட்டுதான் பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. எந்த மேடையிலும் அந்த இடம் வந்தால் கூட்டம் மொத்தமும் விசிலடிக்கும். அம்மா சாகிறவரை அதற்கு வெட்கப்பட்டாள்.

இருபத்தைந்து வருஷம் கழித்து, மறுவெளியீட்டுக்காகப் பழைய டேப்பைச் சுத்தம் செய்த இர்ஃபான் ஹெட்போனை நீட்டினார்.

“விசில வெச்சிருக்கேன் சார். அது இல்லன்னா ஜனங்க சண்டைக்கு வந்துடுவாங்க. பின்னால ஏதோ தடதடன்னு கேட்டுச்சு, அத மட்டும் எடுத்துட்டேன்.”

செல்வின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாத்தியங்கள் ஓய்ந்தன. விரல் பழக்கத்தில் தொடையில் எண்ணியது. விசில் வந்தது. அடுப்பை அணைக்க யாரும் ஓடிவரவில்லை.