துவைச்சீங்களா?

தொட்டித் தண்ணீர் சிவந்துகொண்டே போனது.

மருமகன் குளியலறைத் தரையில் குந்தியிருந்தான். முழங்கை வரை சிவப்பு. தொட்டிக்குள், மாமியார் தன் கையால் தைத்துக் கொடுத்த ஒட்டுப் போர்வை.

மாமியார் இன்னும் சற்று நேரத்தில் வந்து இறங்கிவிடுவார்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் தொழில். நடுவழியில் சிக்கிக்கொண்டவர்களிடம், பதறாதீங்க, ஒண்ணும் ஆகாது என்று சொல்லியே பேர் வாங்கியவன். இன்று அதைத் தனக்கே சொல்லிப் பார்த்தான். நம்பிக்கை வரவில்லை.

எல்லாம் மத்தியானத் தூக்கத்தால் வந்த வினை. வேலைக் கால்சட்டையோடு போர்வை மேல் விழுந்து தூங்கிவிட்டான். எழுந்து பார்த்தால் வெள்ளைச் சதுரம் ஒன்றில் உள்ளங்கையளவு கிரீஸ். வெந்நீரைக் கொட்டினான். போதாதென்று சோப்புத்தூளையும் அள்ளிப் போட்டான்.

கிரீஸ் அசையவில்லை. எங்கிருந்தோ சாயம் மட்டும் கிளம்பி வந்து, வெள்ளைச் சதுரங்களையெல்லாம் ரோஜா நிறமாக்கிவிட்டது.

அந்தப் போர்வையில் குடும்பமே இருந்தது. மாமனாரின் கோடு போட்ட சட்டை, மைத்துனனின் பள்ளிச் சீருடை, மனைவி சின்ன வயதில் போட்ட கவுன். எதிர்வீட்டு ஜன்னல் திரைக்குக்கூட ஒரு மூலையில் இடம் கிடைத்திருந்தது.

மருமகனுக்குத்தான் கிடைக்கவில்லை. முதல் கல்யாண நாளுக்கு அது வந்து சேர்ந்தபோது, ஒவ்வொரு சதுரமாகத் தேடிப் பார்த்திருக்கிறான். மனசு வலித்தது. யாரிடமும் சொன்னதில்லை.

மாமியாருக்குத் தன் மேல் கோபம் இருந்தால் அது நியாயம்தான் என்று அவன் நினைத்தான். பெண் கேட்டுப் போன அன்று, மஞ்சள் குடைகள் அச்சடித்த ரத்தச் சிவப்புச் சட்டை போட்டிருந்தான். அதைவிட நல்ல சட்டை உலகத்திலேயே இல்லை என்று அவன் நம்பிய காலம் அது. பயத்தில் வேர்த்துக் கொட்டியது. எழுந்தபோது வெள்ளை சோபா உறையில் அவன் முதுகு அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது.

மாமியார் உறையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்யாணச் சந்தடியில் அந்தச் சட்டையும் காணாமல் போனது. அமுக்கியது இஸ்திரிக்காரர்தான் என்று முடிவுகட்டி, இன்றுவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மாமியார் ஃபோனில் மகளுடன் பேசினாலும் அவனுடன் பேசினாலும், வைக்கும் முன் ஒரு கேள்வி கேட்பார். "போர்வையைத் துவைச்சீங்களா?"

"ஓ, மாசாமாசம் துவைக்கிறோம்மா" என்பாள் மனைவி, கண்ணைக்கூட இமைக்காமல். உண்மையில், பஞ்சு உருண்டுவிடும் என்று பயந்து, அவள் அதை வெயிலில் உதறிப் போடுவதோடு சரி. கிரீஸ் கையோடு திரியும் தன்னைத்தான் அத்தை குத்திக் காட்டுகிறார் என்று அவனுக்குப் படும்.

இப்போது ஈரக் கையோடு மனைவியின் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டான்.

"ஐயோ, காய வெச்சிடாதீங்க, காஞ்சா கறை நின்னுடும்! பச்சைத் தண்ணியா மாத்தி மாத்தி விடுங்க. எந்தத் துண்டு சாயம் விடுதுன்னு பாருங்க. அப்புறம், நான் மாசாமாசம்னு சொல்லி வெச்சிருக்கேன். உளறிடாதீங்க!"

தண்ணீரை மாற்றினான். பழைய பனியனை எடுத்து ஒவ்வொரு சதுரத்தின் மேலும் அழுத்திப் பார்த்தான். மைத்துனனின் சீருடை மேல்தான் சந்தேகம். அது மாட்டினால் நன்றாக இருக்கும் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்தது. பனியன் வெள்ளையாகவே வந்தது.

கடைசியாக, நட்டநடுவில் இருந்த மங்கலான செங்கல் நிறச் சதுரம். ஏதோ பழைய தலையணை உறை என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். அழுத்தியதும் பனியன் பளீரென்று சிவந்தது.

அதன் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தான். துணியைத் திருப்பிப்போட்டுத் தைத்திருந்தார்கள்.

உள்ளே ஒரு மஞ்சள் குடை.

இன்னும் கொஞ்சம் நெம்பினான். இன்னொரு குடை.

அதைச் சுற்றியிருந்த வெள்ளைச் சதுரங்களைத் தடவினான். வெள்ளையிலேயே வெள்ளைப் பூவேலை. பெண் கேட்டுப் போன அன்று தலையைக் குனிந்துகொண்டு, சோபா உறையில் பார்த்துக்கொண்டிருந்த அதே பூ.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது. சோப்புத்தூள் என்று வைத்துக்கொண்டான். இனி இஸ்திரிக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் ஒரு கவலை வந்தது.

அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தான். கையிலிருந்து சிவப்பாகச் சொட்டியது. மாமியார் அந்தக் கையைப் பார்த்தார், தரையில் விழுந்த சொட்டுகளைப் பார்த்தார். பையை வைத்துவிட்டு, சொட்டுகளின் வழியே நேராகக் குளியலறைக்குப் போனார்.

"அத்தை..." என்றான்.

அவர் குனிந்து போர்வையின் நுனியைத் தூக்கினார். ரோஜா நிறமான வெள்ளைகளைப் பார்த்தார். விட்டிருந்த தையலைப் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்க குடை கண்ணை உறுத்துச்சு மாப்ளே, அதான் திருப்பிப் போட்டேன்" என்றார் மாமியார். "எப்படியும் முதல் தடவை துவைக்கும்போதே அது காட்டிக்கொடுத்துடும், நீங்க சிரிச்சுக்கிட்டே ஃபோன் பண்ணுவீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். அப்போ, இத்தனை வருஷமா இதை நீங்க துவைக்கவே இல்லையா?"