நறுமுகையின் கைராசி

நடுகிறவர் கண்ணால் பார்க்கப்போகும் பூவை மட்டுமே விற்போம் என்பது அந்த நர்சரியின் வாக்குறுதி. குன்னூரில் அது யாருக்கும் பொய்த்ததில்லை.

வசுமதி எப்போதும் தன் பெயரில்தான் செடி வாங்குவாள். ஆனால் மகள் நறுமுகை சும்மா தூவிய கொத்தமல்லிகூடக் காடாக மண்டிக்கிடந்தது. "இவளுக்குத்தான் கைராசி. இந்த ஜனவரிக்கு இவ பேர்லயே போடலாம்" என்றான் கணவன் லிங்கதுரை. ஏழு வயது நறுமுகை, மே மாதப் பிறந்தநாளுக்கு நீல ஹைட்ரேஞ்சியா பூக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, குழி தோண்ட ஓடினாள்.

நர்சரியின் இணையதளத்தில் லிங்கதுரை மகள் பெயரை அடித்ததும் திரையில் மூன்றே செடிகள் வந்தன. மூன்றும் பிப்ரவரிக்குள் பூத்துவிடுபவை. ஹைட்ரேஞ்சியா இல்லை.

"நெட் சரியில்லையா?" என்றாள் வசுமதி.

லிங்கதுரை தன் பெயரை அடித்தான். ரோஜா, டேலியா, ஹைட்ரேஞ்சியா என்று இருநூறு செடிகள். அவள் பெயருக்கும் அப்படியே. அவன் மறுபடி மகள் பெயரை அடித்தான்.

இப்போது ஒரே ஒரு செடி. கீழே ஒரு கேள்வி: 'பேன்சிப் பூச்செடி. பூத்த செடியாகவே இன்று மாலைக்குள் அனுப்பட்டுமா?'

"என்னங்க..." வசுமதி தோட்டத்துப் பக்கம் திரும்பினாள்.

தோட்டத்திலிருந்து நறுமுகை கத்தினாள்: "அம்மா! குழிக்குள்ள உக்காந்திருக்கேன். என் தலை தெரியுதா?"