சுடாத பெட்டி

மாப்பிள்ளை பெட்டியின் மீது உள்ளங்கையை வைத்தார். சுடவில்லை.

"தொட்டுப் பாருங்க மாமா."

மாமனார் தொட்டார். பட்டறை முதலாளியே தொட்டபின் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? எலக்ட்ரீஷியன் தொட்டான். பெருக்க வந்த அம்மாள் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொட்டாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் குறை.

"ஜில்லுன்னு இருக்கே மாப்பிள்ளை!" என்றார் முதலாளி. பெண்ணைக் கொடுத்தது வீண்போகவில்லை என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

விஷயம் இதுதான். பட்டறையின் பெரிய மெஷினில் இரும்பைச் செதுக்கும் கட்டர் ஒன்று அசுர வேகத்தில் சுற்றும். அதைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் ரெசிஸ்டர்தான் அந்தப் பெட்டி. மார்பளவு உயர மின்பேனலின் தலையில், சல்லடைத் தகரத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழைய பெட்டி ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் கொதிக்கும். அதன்மேல் வைத்த சாப்பாட்டு அடுக்கு மத்தியானம் வரை சுடச்சுட இருக்கும்.

முதலாளியின் மகன் பல வருடமாக அப்படித்தான் சாப்பிட்டு வந்தான். மாப்பிள்ளைக்கு மச்சான். படிப்பு ஏறாததால் அவனுக்கு மெஷின். ஏறிவிட்டதால் மாப்பிள்ளைக்கு ஏசி அறை.

"இது மெஷினா, அடுப்பா?" என்று மாப்பிள்ளை வந்த அன்றே கேட்டார். சூடு என்பதே நிர்வாகக் கோளாறு என்பது அவர் சித்தாந்தம்.

பழைய பெட்டி வயதாகிப் புகைந்து போனதும், புதியதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றார். கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் கேட்லாக்கைப் படித்தார். பழையதன் மின்தடை நாற்பது ஓம். கேட்லாக்கில் நூற்றிருபது ஓம் வரை இருந்தது. நாற்பது பெரிதா, நூற்றிருபது பெரிதா? இதைச் சொல்ல ஒரு பட்டம் வேறு வேண்டுமா?

பட்டம் இருந்தது. அறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

பெட்டி விற்கும் கம்பெனியிலிருந்து போனில் பேசிய பெண் மட்டும் இழுத்தாள். "சார், ஓம் ஏற ஏற பிரேக் இறங்கும். சுத்துற வேகம் மொத்தமும் சூடா மாறி அந்தப் பெட்டிக்குள்ளதான் போய்ச் சேரணும். பெட்டி சூடாகலன்னா வேகம் இன்னும் கட்டர்லயே இருக்குன்னு அர்த்தம்."

"ஸ்டாக் இல்லன்னா இல்லன்னு சொல்லும்மா," என்று போனை வைத்துவிட்டார்.

நேற்று மாலை புதியது ஏறியது. ஒரு தடவை ஓட்டி நிறுத்திப் பார்க்கலாமா என்று எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தான். நாளைக்கு எல்லோர் முன்னாலும் ஓடட்டும் என்றார் மாப்பிள்ளை.

ஓடியது. பெரிய வார்ப்பு ஒன்றைக் காலையிலிருந்து ஒரே மூச்சாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் நிறுத்தவே இல்லை. நிறுத்தாத மெஷினுக்குப் பிரேக் எதற்குச் சூடாகும் என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை பேசும்போது கேள்வி கேட்பது அந்தப் பட்டறையில் வழக்கமில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. மச்சான் பெட்டிமேலிருந்த அடுக்கைத் தூக்கிப் பார்த்தான்.

"எத்தனை ஓம் சொன்னாலும் சோறு சூடாகலயே மாப்ள!"

எல்லோரும் சிரித்தார்கள். துடைப்பத்து அம்மாள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். மாப்பிள்ளை மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

மச்சான் அடுக்கைக் கீழே வைத்துவிட்டு மெஷினின் சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

நிறுத்தியதும் கட்டரை மூடியிருக்கும் கதவைத் திறந்து, அதில் சிக்கிய இரும்புச் சுருளை உருவிப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவான். பார்க்கக்கூட வேண்டாம், கைக்கே வழி தெரியும். கதவுப் பூட்டும் அப்படிப் பழகியதுதான். பொத்தானை அழுத்திச் சற்று நேரத்தில் 'டக்'கென்று தானாக விட்டுவிடும். கட்டர் நின்றதா என்று அது பார்க்காது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நேரம்தான். அதுவும் பழைய பெட்டியின் காலத்தில் வைத்த நேரம்.

மாப்பிள்ளை இந்தக் கட்டத்துக்காகத்தான் காத்திருந்தார். கையை மறுபடி பெட்டிமேல் பதித்தார். பழையதாக இருந்தால் இந்நேரம் கை கொப்பளித்திருக்கும்.

"இப்பத் தொடுங்க மாமா! நிறுத்தும்போதுகூட…"

வாக்கியம் பாதியில் நின்றது.

நின்றது அது ஒன்றுதான்.

கம்ப்ரஸரின் இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை. போனில் பேசிய பெண்ணின் குரல் மட்டும், அன்றைக்குப் புறப்பட்டது, இப்போது வந்து சேர்ந்தது.

டக்.

மச்சானின் பார்வை மாப்பிள்ளை மேலேயே இருந்தது. அடுத்த கிண்டல் உதட்டில் தயாராக நின்றது. கை மட்டும் கதவைத் தள்ளிவிட்டு, பழகிய இடத்துக்குத் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைக்கு வாய் திறந்தது. சூட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய வாய். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு கையையும் பெட்டிமேல் வைத்து அழுத்தினார். சுடட்டும், பொசுங்கட்டும், தோல் உரிந்து கையோடு வரட்டும். அவர் பிறந்ததிலிருந்து எதனிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை.

முதலாளி மருமகனின் கைக்குப் பக்கத்தில் தம் கையையும் வைத்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"சுடவே இல்ல மாப்பிள்ளை!" என்றார்.